திருகோணமலையில் 4×5 கமராவால் முகப்படம்: முழுமையான வழிகாட்டி

தாள் பிலிம் போடும் 4×5 அங்குலக் கமராவால் ஒருவரைப் படமெடுக்கும்போது, அவர் கதிரையில் அமர்ந்த பிறகு செய்ய மிஞ்சியிருக்க வேண்டியது இரண்டு நிமிட வேலைதான். இடம், ஒளி, முக்காலி, ஒளி அளவு, பிலிம் நிரப்பிய ஹோல்டர் (தாளை ஒளி படாமல் வைத்திருக்கும் தட்டைக் கூடு) எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆளை இருத்திவைத்துவிட்டு ஸ்குரூ திருகிக்கொண்டிருந்தால் முகத்தில் முதலில் இருந்த உயிர்ப்பு போய்விடும். திருகோணமலை வெயிலில் அதோடு வியர்வையும் சேர்ந்து நெற்றி பளபளக்கத் தொடங்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, ஆள் வருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியது.

காலை உட்துறைமுகம், மாலை கடற்கரை

நகரம் ஒரு நிலமுனையில் இருக்கிறது. கிழக்கிலும் வடகிழக்கிலும் திறந்த கடல் (டச்சுக் குடா, பின்குடா). மேற்கிலும் தென்மேற்கிலும் உட்துறைமுகம். முகப்படக்காரருக்கு இந்த அமைப்பு பெரிய வரம்.

நல்ல முகப்படத்துக்கு வேண்டியது நேரடி வெயில் படாத நிழலும், அந்த நிழலுக்கு எதிரே அகன்று திறந்த வானமும். மாலை மூன்றரைக்கு மேல் சூரியன் மேற்கே இறங்கும்போது, கிழக்குப் பார்த்த வீடுகளின் முன்பக்கம் முழுவதும் நிழலாகிவிடும். எதிரே கடல், அதற்கு மேலே தடையே இல்லாத வானம். அந்த வானம் முழுவதும் ஒரே விளக்காக வேலை செய்கிறது. திருக்கடலூர்ப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு விறாந்தையின் ஓரத்தில் ஆளை இருத்தினால், எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காத மென்மையான ஒளி கிடைக்கும். மூன்றரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தரை வரை அது நிற்கும்.

காலையில் இது தலைகீழ். கடற்கரையில் ஆறரைக்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கும், கண்கள் சுருங்கிவிடும். அந்த நேரம் உட்துறைமுகப் பக்கம் போக வேண்டும். அங்கே மேற்குப் பார்த்த சுவர்கள் ஒன்பது மணிவரை நிழலில் இருக்கும். எதிரே துறைமுகத் தண்ணீரும் வானமும்.

காலை பத்திலிருந்து மூன்று மணிவரை வெளியே முகப்படம் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஊர் 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் முடிவிலும் சூரியன் நடுமதியத்தில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண்குழிகள் கறுத்துப்போகும். அந்த நேரத்தில் வேலை செய்தே ஆகவேண்டுமென்றால் வீட்டுக்குள் போய், வெயில் நேரே விழாத பெரிய யன்னலுக்குப் பக்கத்தில் ஆளை இருத்துங்கள்.

இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது மரநிழல். தென்னை, வேம்பு இரண்டின் நிழலும் ஓட்டை நிழல். முகத்தில் வெயில்பொட்டு விழும். கமராவின் பின்னால் உருவம் விழும் மங்கல் கண்ணாடியில் அது சின்னதாகத் தெரியும், நெகற்றிவில் கன்னத்தில் எரிந்த தழும்பாக நிற்கும். ஆலும் மாவும் நம்பத்தகுந்தவை. இரண்டாவது வெண்மணல். ஆள் நிழலில் இருந்தாலும் முன்னால் வெயில் பட்ட மணல் இருந்தால் ஒளி கீழிருந்து மேலே அடிக்கும். தாடைக்கு அடியும் மூக்குத் துவாரமும் பிரகாசிக்கும். ஆளின் காலடியிலிருந்து இரண்டு மீற்றருக்கு இருண்ட பாயோ சாக்கோ விரித்தால் போதும். ஒரு பக்கம் அதிகம் இருண்டால், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்து இரண்டு தடியில் கட்டி, முகத்திலிருந்து ஒரு மீற்றரில் பிடிக்கச் சொல்லுங்கள்.

ரிச்சர்ட் அவடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதியில் 8×10 கமராவுடன் சுற்றியபோது செய்ததும் அடிப்படையில் இதுதான்: நிழல் விழுந்த சுவரில் வெள்ளைத்தாள், அதற்கு முன்னால் ஆள், வேறு விளக்கு இல்லை. இங்கே வெள்ளைத்தாளை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காற்றுக்கு நிற்காது, வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் கறுத்த முகத்தின் ஒளி அளவைத் தீர்மானிப்பதும் கடினம். 2 × 3 மீற்றர் சாம்பல் நிறப் பருத்தித்துணி ஒன்று, மேலும் கீழும் மூங்கில் தடி கோத்தது, எல்லாத் தேவைக்கும் போதும். சுண்ணாம்பு அடித்து மங்கிப்போன பழைய சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம்.

காலமும் காற்றும்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பரும் டிசம்பரும் கடும் மழை. வெளிப்பயணத்துக்கு பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை நல்லது. ஆனால் மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று பலமாக அடிக்கும், பகலில் சூடாகவும். கமராவின் துருத்தி (லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் இடையே மடிந்து நீளும் கூடு) அந்தக் காற்றைப் பாய்மரமாகப் பிடித்துக்கொள்ளும்; 1/30 செக்கனில் எடுத்த படம் முழுவதும் அசைந்து மங்கலாக வரும். ஒரு குடையைக் காற்று வரும் பக்கம் பிடிக்க ஒருவர் வேண்டும். முக்காலியின் நடுவில் 4, 5 கிலோ பை தொங்கவிடுங்கள். பை ஆடாதபடி அதன் அடி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மணலில் முக்காலிக் கால் மெல்ல மெல்லப் புதையும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் உள்ளங்கை அகலப் பலகைத்துண்டு வைக்காவிட்டால், குவியம் பார்த்து முடித்து ஹோல்டரைச் செருகும்போது கமரா சில மில்லிமீற்றர் இறங்கிவிடும்.

கமராவும் லென்ஸும்

மடித்து எடுத்துச் செல்லும் மரக் கமரா போதும். தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: துருத்தி குறைந்தது 300 மி.மீ. நீளவேண்டும்.

லென்ஸ் 210 மி.மீ., எஃப் 5.6 (எஃப் எண் லென்ஸ் திறப்பைக் குறிக்கும்; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). ஷ்னைடர், ரோடன்ஸ்டொக், நிக்கோர், ஃபுஜினோன் நான்கிலும் பழைய பிரதிகள் இன்னமும் கிடைக்கின்றன. பெரும்பாலானவை கோபல் 1 ஷட்டரில் இருக்கும், அதன் உச்ச வேகம் 1/400. இந்த லென்ஸால் ஒன்றரை மீற்றரில் இருந்து எடுத்தால் சட்டகம் ஏறக்குறைய 62 × 78 செ.மீ. பரப்பைப் பிடிக்கும்: தலை, தோள், மார்பின் மேற்பகுதி. 150 மி.மீ. லென்ஸால் அதே சட்டகம் வேண்டுமென்றால் ஒரு மீற்றருக்கும் சற்றே கூடுதலான தூரத்துக்கு நெருங்க வேண்டும். மூக்கு பெரிதாகிக் காது பின்னுக்குப் போகும். 300 மி.மீ. அழகான லென்ஸ்தான். ஆனால் ஒன்றரை மீற்றரில் குவிக்கத் துருத்தி 375 மி.மீ. நீளவேண்டும்; பல பயணக் கமராக்களால் முடியாது. அதோடு அது பெரும்பாலும் கோபல் 3 ஷட்டரில் வரும், உச்ச வேகம் 1/125 மட்டுமே.

பழைய லென்ஸ் வாங்கும்போது ரோச் லைற்றைப் பின்னாலிருந்து அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரின் 1 செக்கன், 1/2, 1/4 வேகங்களைக் காதால் கேட்டுப் பாருங்கள். இழுபட்டால் எண்ணெய் கெட்டியாகிவிட்டது, சேர்விஸ் தேவை. துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய, இரவில் இருட்டறையில் ரோச்சை உள்ளே வைத்து மூலைமடிப்புகளைச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிகூட இந்த ஊர் வெயிலில் ஒரு தாளைப் பாழாக்கும். அவசரத்துக்குக் கறுப்புத் துணிநாடா ஒட்டலாம்.

மற்றவை: கேபிள் ரிலீஸ் இரண்டு (ஒன்று எப்போதும் தொலையும்), 4 மடங்கு உருப்பெருக்கி, ஒரு மீற்றர் சதுரத்தில் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையும் தைத்த துணி (வெள்ளை வெளியே இருந்தால் உள்ளே வேகாது), துணி அளவுநாடா, ஒளிமானி, 10 ஹோல்டர்.

பிலிம்

4×5 பிலிமை ஊரில் வாங்கலாம் என்று எண்ணி வரவேண்டாம்; வேண்டியதைக் கையோடு கொண்டுவாருங்கள். கட்டுநாயக்க வழியாக வருபவர்கள் பிலிமைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். சரக்கில் போகும் பெட்டிகளை ஊடுகதிர் செய்யும் இயந்திரங்கள் பலமானவை, சி.ரி. வகை இயந்திரங்கள் கைப்பைப் பிலிமையும் கெடுக்கும். பெட்டி திறக்கப்படாமல் இருக்க, அதன் மேல் மூன்று மொழியிலும் 'ஒளி பட்டால் கெடும்' என்று எழுதி ஒட்டுங்கள்.

இரண்டு வேகப் பிலிம் வைத்திருப்பது நல்லது (வேகம் என்பது ஒளியுணர்வு; ஐ.எஸ்.ஓ. எண் அதைச் சொல்லும்). வீட்டுக்குள்ளும் ஆழமான விறாந்தையிலும் இல்ஃபோர்ட் எச்.பி. 5 பிளஸ், ஐ.எஸ்.ஓ. 400. கடலைப் பார்த்த திறந்த நிழலுக்கு எஃப்.பி. 4 பிளஸ், ஐ.எஸ்.ஓ. 125. காரணம் எளிது: திறந்த நிழலில் 400 பிலிமைப் போட்டு எஃப் 5.6 திறந்தால் 1/500 செக்கன் தேவைப்படும். கோபல் 1 அவ்வளவு வேகமாக ஓடாது. 125 பிலிம் என்றால் 1/125 அல்லது அதற்குச் சற்று மேல், வசதியாக முடியும்.

விலை குறைவென்று மருத்துவமனை ஊடுகதிர்ப் பிலிமை வெட்டிப் பயன்படுத்துவோர் உண்டு. நிலக்காட்சிக்குச் சரி. நம் முகங்களுக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம்: அது சிவப்பைக் காண்பதில்லை, எனவே மண்ணிறத் தோல் உண்மையைவிடக் கறுத்தும் உதடு கரிபோலும் வரும், தோலின் ஒவ்வொரு புள்ளியும் மேலெழும்பும். இரு பக்கமும் பூச்சு இருப்பதால் கீறலும் விழும்.

சூடு பிலிமின் எதிரி. பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், எடுத்தவுடன் திறக்கக்கூடாது. இங்குள்ள ஈரப்பதத்தில் குளிர்ந்த பிலிம்மீது உடனே தண்ணீர் படியும். மூடியபடியே இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கவும். ஓட்டோவில் போகும்போது ஹோல்டர்களைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், ஐஸ் இல்லாமல். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தால் பிலிம்பை மடியில் இருக்கட்டும். பின்னால் உள்ள சாமான் பெட்டி வெந்துபோகும். இரவு ரயில் இதற்கு எவ்வளவோ மேல்.

ஹோல்டர் நிரப்புதல்

இரவில், யன்னல் இல்லாத குளியலறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு. மாற்றுப்பைக்குள் (ஒளி புகாத துணிப்பை) கைவிட்டுச் செய்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஆவி நிறைந்து, விரல் பட்ட இடமெல்லாம் பிலிமில் ஒட்டும். நிரப்புவதற்கு அரைமணி முன் சுவர்களிலும் தரையிலும் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். ஹோல்டரையும் அதன் மறைதகட்டையும் (தாளை ஒளியிலிருந்து மறைக்கும் இழுதகடு) மென்மையான தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் துளி தெறிக்கும்.

தாளின் ஒரு மூலையில் வெட்டடையாளம் இருக்கும். தாளை நிமிர்த்திப் பிடித்து, வெட்டு வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், பூச்சுள்ள பக்கம் உங்களைப் பார்க்கிறது. அதே பக்கம் வெளியே தெரியும்படி, இரு ஓரத் தண்டவாளத்துக்கும் அடியில் தாளைத் தள்ளுங்கள். தண்டவாளத்துக்கு மேலே ஏறிய தாள் இரண்டு கேடு செய்யும்: குவியம் தவறும், மறைதகடு செருகும்போது மடங்கிக் கிழியும். விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து உறுதிசெய்த பின்பே தகட்டை மூடவும். தகட்டின் வெள்ளை விளிம்பு வெளியே இருந்தால் எடுக்காத தாள், கறுப்பு விளிம்பு என்றால் எடுத்தாயிற்று. இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு ஹோல்டருக்கும் எண் ஒட்டி, கொப்பியில் எண், ஆள், இடம், ஒளி அளவு எழுதுங்கள்.

ஓர் ஆளுக்கு நான்கு தாள் என்று கணக்கு வையுங்கள். இரண்டு ஒரே சட்டகத்தில், ஏனென்றால் ஒன்றில் கண் மூடியிருக்கும். மற்ற இரண்டு இன்னொரு நிலையில்.

கேட்பதும் அனுமதியும்

முக்காலியில் பெரிய கமராவைக் கண்டால் எல்லோரும் வருவார்கள். காவலில் நிற்பவரும் வருவார். கடற்படைத் தளத்தின் பக்கமாக லென்ஸைத் திருப்பவே கூடாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இன்றும் இராணுவத்தின் கையில் இருக்கிறது. அங்கே முக்காலி விரிக்குமுன் வாயிலில் கேட்டு, என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கோயில் இருக்கும் சுவாமி மலையுச்சியில் காற்று எப்போதும் பலம். முகப்படத்துக்கு அது உகந்த இடமல்ல. கோயில்களில் ஐயரையோ பரிபாலன சபையையோ கேட்காமல் கமராவை வெளியே எடுக்க வேண்டாம்.

கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறந்த பிறகு ஓட்டோவிலேயே முழுச் சாமானோடும் போய்வரலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலை ஜும்ஆவுக்கு விட்டுவிடுங்கள். பெண்களைப் படமெடுப்பதென்றால் வீட்டாருக்கு முன்னால் கேட்டு, வீட்டு விறாந்தையிலேயே எடுப்பதுதான் மரியாதை. கடற்றொழில் செய்பவர்களைக் கரைவலை இழுக்கும்போது மறிக்கக்கூடாது. வலை ஏறி, மீன் பிரித்து, வாடியில் தேநீர் குடிக்கும் நேரம் கேட்டால் மனமுவந்து இருப்பார்கள்.

கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐயா, இது பழைய மாதிரிக் கமரா. ஒரு கால் மணித்தியாலம் இருந்தீங்க எண்டால் போதும். படத்தை உங்களுக்கும் கொண்டுவந்து தருவன்." கிண்ணியாவில் "நானா" என்று தொடங்கினால் பேச்சு இலகுவாகும். முதலில் அவரையே கறுப்புத்துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உலகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பார்வையில் கமராமீதான கூச்சம் பெரும்பாலும் போய்விடும்.

சட்டகமும் குவியமும்

ஆள் வருமுன், உதவிக்கு வந்தவரை அதே கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். கதிரைக்கு முதுகுச் சாய்வு இருக்கவேண்டும். முதுகு ஊன்றாத ஆள் இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் தன்னையறியாமல் ஆடுவார். நிற்கவைத்து எடுப்பதானால் தூணிலோ வள்ளத்தின் விளிம்பிலோ சாய்ந்து நிற்கட்டும்.

தலை, தோள் படத்துக்கு லென்ஸ் ஆளின் கண் மட்டத்தில். முழு உருவத்துக்கு மார்பு மட்டத்தில், பின்பலகை (மங்கல் கண்ணாடி உள்ளது) செங்குத்தாகவே இருக்கவேண்டும்; சட்டகத்தை மேலே கீழே நகர்த்த முன்பலகையை (லென்ஸ் உள்ளது) ஏற்றி இறக்குங்கள். கமராவையே சாய்த்தால் கால்கள் குறுகி, பின்சுவரும் சாயும்.

குவிய ஆழம் எவ்வளவு குறைவு என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 210 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீற்றர், எஃப் 5.6: கூர்மையான பகுதி ஏறக்குறைய 5 செ.மீ. மட்டும். எஃப் 11இல் 10 செ.மீ.; எஃப் 16இல் 14 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காதுவரை 12, 13 செ.மீ. இருக்கும். எங்கள் விருப்பம் எஃப் 11: கண், மூக்கு, வாய் கூர்மையாகி, காதுக்குப் பின்னால் மெல்லக் கரையும்.

லென்ஸை முழுதாகத் திறந்து, கமராவுக்குக் கிட்டிய கண்ணின் இமைமயிரில் உருப்பெருக்கியை வைத்துக் குவியுங்கள். முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தால் மற்றக் கண் மங்கும். லென்ஸ் கிட்டிய கண் இருக்கும் பக்கத்தைப் பார்க்கும்படி முன்பலகையை 3 முதல் 5 பாகை திருப்பி, இரண்டு கண்ணும் ஒரே தளத்துக்கு வரும்வரை பாருங்கள். இதைச் செய்தபின் முதற்கண்ணை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது நூல். குவியம் முடிந்தவுடன், முன்பலகையில் கட்டிய தையல் நூலை நீட்டி, ஆளின் கிட்டிய கண்ணுக்குக் கீழே கன்னத்தைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். ஹோல்டர் செருகிய பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது. எனவே ஷட்டரை அழுத்துமுன் நூலைப் பிடித்து முடிச்சு கன்னத்தைத் தொடுகிறதா என்று பார்த்து, உடனே விலக்கவும். மங்கிய கண்களில் பெரும்பாலானவை இந்த நூலால் தப்பியிருக்கும்.

ஒளி அளவு

ஒளிமானியின் வெள்ளைக் குமிழை ஆளின் தாடைக்கு அருகே வைத்து, லென்ஸை நோக்கித் திருப்பி எடுக்கும் அளவே முகப்படத்துக்கு நம்பத்தக்கது. புள்ளிமானி (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) வைத்திருப்பவர்கள் கவனிக்க: தோலை அளந்து ஒரு படி (ஒளியை இரட்டிப்பது) கூட்டு என்று மேலைநாட்டு நூல்கள் சொல்வது வெளிர்ந்த தோலுக்கு. மாநிற முகத்துக்கு மானி காட்டுவதையே வைக்கலாம்; கறுத்த முகத்துக்கு அரைப்படியிலிருந்து ஒரு படி குறைக்கலாம். கூட்டினால் தோல் சாம்பல் பூத்து, வேட்டியும் திருநீறும் எரிந்துவிடும். வெள்ளைத்துணியையும் அளந்து பாருங்கள். வைத்த அளவைவிட மூன்று படிக்கு மேல் போனால் அந்த ஹோல்டரைக் குறித்துவைத்து, கழுவும் நேரத்தை (டெவலப்பரில் வைக்கும் நேரத்தை) 15 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும்.

எதிர்பார்க்கக்கூடியவை: திறந்த நிழலில் 125 பிலிம், எஃப் 11, 1/30, 400 பிலிம் என்றால் 1/125. ஆழமான விறாந்தையில் 400 பிலிம், எஃப் 8, 1/30 முதல் 1/60. 1/15க்குக் கீழே போனால் தலைக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும்.

இந்த அளவோடு துருத்திக்கான திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். புதியவர்களின் நெகற்றிவ் மெலிந்து வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முன்பலகையிலிருந்து மங்கல் கண்ணாடி வரை நாடாவால் அளவுங்கள். 210 லென்ஸில் 245 மி.மீ. என்றால் அரைப்படி கூட்டுங்கள், 265 மி.மீ. (ஆள் ஒரு மீற்றரில்) என்றால் முக்கால் படிக்குச் சற்றுக் குறைவு. ஆள் மூன்று மீற்றருக்கு அப்பால் என்றால் விட்டுவிடலாம். வேறு லென்ஸுக்கு: அளந்த நீளத்தை லென்ஸின் நீளத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் எத்தனை மடங்கு ஒளி தேவை என்று தெரியும்.

ஷட்டர் அழுத்தும் ஒழுங்கு

இதை இருட்டிலும் செய்யும் அளவுக்கு வெறும் ஹோல்டரோடு பழகுங்கள்.

1. லென்ஸை மூடுங்கள். மறந்தால், தகடு இழுத்தவுடன் தாள் முழுவதும் கறுக்கும்.
2. எஃப் எண், வேகம் வையுங்கள், ஷட்டரை ஏற்றுங்கள்.
3. ஒருமுறை வெறுமனே அழுத்தி, திறந்து மூடுகிறதா என்று பார்த்து மறுபடி ஏற்றுங்கள்.
4. ஒரு கையால் பின்பலகையைத் தாங்கிக்கொண்டு ஹோல்டரைச் செருகுங்கள். அடியில் உள்ள மேடு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்கவேண்டும்.
5. நூல்.
6. லென்ஸ் பக்கமுள்ள தகட்டை நேராக, மெதுவாக இழுங்கள். வெயில் வரும் பக்கத்தை உடம்பால் மறையுங்கள்.
7. கமராவுக்குப் பக்கத்தில் நின்று ஆளைப் பாருங்கள். அழுத்துங்கள்.
8. தகட்டைக் கறுப்பு விளிம்பு வெளியே வரத் திருப்பிச் செருகுங்கள்.

ஏழாவதில் மட்டும் அவசரம் வேண்டாம். துணிக்குள் இருக்கும் ஆளை யாரும் பார்க்க முடியாது. வெளியே வந்து கண்ணுக்குக் கண் பார்த்தால்தான் முகம் முகமாக இருக்கும். "மூச்சை மெல்ல விடுங்க... அப்படியே இருங்க" என்று சொல்லி, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில் அழுத்துங்கள். சிரிக்கச் சொல்லவேண்டாம். நெற்றி வியர்த்திருந்தால் கைக்குட்டையை ஒற்றக் கொடுங்கள். தேய்க்கக்கூடாது, தேய்த்த இடம் இன்னும் பளபளக்கும்.

சூட்டில் கழுவுதல்

ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே இறந்தார். இங்கே அவர் தமிழ்த் தொழிலாளரையும் கிராமத்தவரையும் எடுத்த படங்களில் மிஞ்சியவை மிகச் சில. ஈரக் கண்ணாடித் தகட்டை எடுத்த இடத்திலேயே கழுவவேண்டிய காலம் அது. இன்று தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் கழுவலாம். சூடு மட்டும் அதே சூடு.

கூரைத் தாங்கித் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும். முதல்நாள் இரவே வாளிகளில் பிடித்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் 28 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்கும். இல்ஃபோர்ட் அட்டவணைகள் 20 பாகைக்கு எழுதப்பட்டவை. 20க்கு இறக்கப் போராடுவதைவிட 24இல் நிற்பது நடைமுறைக்கு ஏற்றது. மீன்வாடிகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடங்களில் கட்டி ஐஸ் வாங்கி, பெரிய தொட்டியில் உடைத்துப் போட்டு, டெவலப்பர், ஸ்டொப், ஃபிக்ஸர் போத்தல்களை அதற்குள் நிறுத்துங்கள். அந்த ஐஸ் போத்தலுக்கு வெளியே மட்டும். கழுவும் தண்ணீரில் ஒரு வாளியும் அதே தொட்டியில் குளிரட்டும்.

எச்.பி. 5 பிளஸுக்கு ஐ.டி. 11 டெவலப்பர், 1+1 கலவை (ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர்): 20 பாகையில் 13 நிமிடம். பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும் என்று கொண்டால் 24இல் எட்டரை முதல் ஒன்பது நிமிடம். 27க்குக் கீழே இறக்க முடியாத நாளில் 1+3 கலவைக்கு மாறுங்கள்: 20இல் 20 நிமிடம், 27இல் ஒன்பதரை. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த எந்த நேரமும் ஆபத்து. டெவலப்பர் ஊற்றி முடிக்குமுன்பே ஓரங்கள் முந்திவிடும், முகத்தின் குறுக்கே பட்டை விழும். 1+3இல் ஒரு லீற்றருக்கு நான்கு தாளுக்கு மேல் போடாதீர்கள். இந்த நேரங்களை முதலில் ஒரு சோதனைத் தாளில் பாருங்கள்.

எல்லாத் திரவங்களும் ஒன்றுக்கொன்று 2 பாகைக்குள் இருக்கவேண்டும். 24இல் கழுவி 31 பாகைத் தண்ணீரில் அலசினால் ஜெலற்றின் சுருங்கி, முகம் முழுவதும் வலைபோல் வெடிப்பு விழக்கூடும். அதற்குத் திருத்தமே இல்லை. வேக ஃபிக்ஸர் 1+4, ஐந்து நிமிடம். அலசுவது: தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி 10 முறை, மறுபடி 20 முறை. கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி விடும். கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீரில் ஈரமூட்டித் திரவம் சில துளி. ஒரு மூலையில் கிளிப் போட்டு, மூடிய குளியலறையில் தொங்கவிடுங்கள். யன்னலைத் திறந்தால் ஈசலும் தூசியும் ஈரப் பூச்சில் ஒட்டும்.

உப்பு, மணல், பூஞ்சணம்

கடற்கரையிலிருந்து வந்த அன்றே: முக்காலிக் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். கமராவின் பித்தளையையும் மரத்தையும் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸில் உப்புப்படலம் இருந்தால் முதலில் ஊதுபந்து, பிறகு லென்ஸ் திரவம். உலர்துணியால் தேய்த்தால் மணல் கீறும். துருத்தியை ஈரத்தோடு மடிக்கக்கூடாது.

லென்ஸ்களைத் தோல்பையில் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து. இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துப் போடலாம். நெகற்றிவ்களையும் தாள் உறையிலிட்டு அதே மாதிரிப் பெட்டியில் வையுங்கள். கரப்பானும் இராமபாணப் பூச்சியும் ஜெலற்றினைத் தின்னும்.

படம் கொடுத்தல்

தட்டை ஸ்கானரில் 2400 டி.பி.ஐ. போதும், 9600 × 12000 புள்ளி, 115 மெகாபிக்சல் வரும். அதற்கு மேல் வைத்தால் கோப்பு வீங்கும், விபரம் கூடாது. பளபளப்பான பக்கம் கண்ணாடியை நேரே தொட்டால் வானவில் வளையம் விழும். தாங்கியில் வைத்துச் சிறிது உயர்த்துங்கள்.

முகம் மாநிறமாகவே இருக்கும்படி அச்சிடச் சொல்லுங்கள். ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் வெளிறச் செய்துவிடுவார். முதற்பிரதியை நின்று பார்த்து எடுங்கள். 8×10 பிரதி, பிளாஸ்ரிக் உறையில், பின்னால் பெயரும் திகதியும் பென்சிலால். கொப்பியில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு அடையாளம் எழுதியிருந்தால்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்: எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, எந்த வாடி. கடற்றொழிலாளர் பருவத்துக்குப் பருவம் வாடி மாறுவார்கள், எனவே ஒரு மாதத்துக்குள் போங்கள். படத்தை வேறெங்காவது வெளியிடும் எண்ணம் இருந்தால், பிரதியைக் கையில் கொடுக்கும்போதே கேளுங்கள். தன் முகத்தைப் பார்த்தபின் அவர் சொல்லும் சம்மதமே சம்மதம்.